அடி வாங்க ஒரு மீன்

அந்தச் சேர்ல வேணாங்கக்கா, அது அவரு சேரு. உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, இருந்தாலும் யாராவது உக்காந்து எழுந்தாக்கூட அவருக்கு எப்படியோ தெரிஞ்சுடும். இப்படி சோபாவுல உக்காருங்க. ஃபேனைக் கொஞ்சம் கூட வெக்கட்டுமா?

நீங்க வினோதினிக்கு அத்தைதானே, அவ அப்பாகூடப் பொறந்தவங்க? வாசல்ல பாத்த உடனேயே கண்டுபிடிச்சுட்டேன், அந்த மூக்கு அப்படியே போட்டோவுல இருக்கற பொண்ணுக்கு வந்திருக்கு. நான்தான் மாப்பிள்ளையோட அம்மா, குணசுந்தரி. ஞாயித்துக்கிழமை எல்லாருமா வீடு பாக்க வர்றீங்கன்னு தரகர் சொன்னாரு. நீங்க முன்னாடியே ஒத்தையா வந்து நிக்கறீங்க. ஐயோ, குத்தமா சொல்லலக்கா! இந்தப் பக்கம் வேலையா வந்தா எட்டிப் பாக்கறதுதானே முறை. தட்டு, பழம், பூன்னு பத்துப் பேரா வந்தா எங்க பேச முடியுது? ஆம்பளைங்க பேசுவாங்க, நாம ஸ்வீட்டைத் தின்னுட்டு தலையாட்டிட்டு வரணும்.

பையன் லோகு ஆபீஸ் போயிருக்கான். எங்க வீட்டுக்காரரு கொளத்தூர் போயிருக்காரு, கலர் மீன் வாங்க. ஞாயித்துக்கிழமை நீங்கள்லாம் வரும்போது தொட்டி நெறைஞ்சு இருக்கணுமாம். அவரு வர்றதுக்குள்ள நீங்க எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போகணும்கா. இந்தச் சம்பந்தம் எப்படியும் முடியணும். போன தடவை திருவள்ளூர்ப் பக்கம் ஒரு இடம் கூடி வந்து, கடைசியில தட்டிப் போச்சு. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம எதையோ உளறினதாலதான்னு இவரு... சரி, அதை விடுங்க. இந்தத் தடவை முடிஞ்சுடும். நீங்க வந்ததே நல்ல சகுனம்.

கையா? அது ஒண்ணுமில்லக்கா. தொட்டி மூடி விழுந்துருச்சு. கண்ணாடி மூடி, நல்ல கனம். தண்ணி மாத்தும்போது நழுவி மணிக்கட்டு மேல போட்டுக்கிட்டேன். துணியைச் சுத்தி வெச்சிருக்கேன், தானா கூடிடும். காபி போடறதுக்கெல்லாம் ஒண்ணும் தடையில்ல, குடிச்சுப் பாருங்க. டிக்காஷன் இறங்கினது காலையிலதான்.

வாங்க, மீனைப் பாருங்க. இதுக்குப் பேரு ஏஞ்சல். தேவதைன்னு அர்த்தமாம், லோகு சொன்னான். பேரு வெச்சவன் எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கணும். இந்தப் பக்கம் கருப்புப் பட்டை போட்டு நிக்குதே, அது பட்டை. அந்தப் பக்கம் வெள்ளையா, நெத்தியில மட்டும் மஞ்சளா இருக்குதே, அது புதுசு, அவரு ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தது. மகாலட்சுமின்னு பேரு வெச்சிருக்காரு. பாத்தீங்களா, நாம வந்த உடனே ரெண்டும் கண்ணாடிக்கிட்ட ஓடி வந்து வாயை வாயைத் தொறக்குது! தீனி போடுவாங்கன்னு நெனப்பு. ஆள் நின்னா இதுங்க அவ்வளவு சாது. சண்டையெல்லாம் நாம அந்தப் பக்கம் திரும்பினாதான்.

நடுவுல இருக்கற வலையா? அது தடுப்பு. ஒண்ணையொண்ணு பாத்துப் பழகற வரைக்கும் இருக்கட்டும்னு கடைக்காரன் குடுத்தது. என்னது, ஜெயில் மாதிரி இருக்கா? எனக்கும் அப்படித்தான்கா தோணுது. வீடு பாக்க வர்றவங்க கண்ணுல மொதல்ல இது பட்டா என்ன நெனப்பாங்க? இருங்க, எடுத்துடறேன். காடியில சொருகினதுதான், மேல இழுத்தா வந்துடும். இந்தாங்க. எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க இப்ப! ஒண்ணும் பண்ணாது, இத்தனை நாள் பாத்துப் பழகியிருக்கும். அதான், சும்மா நிக்குது பாருங்க ரெண்டும். அவரு 'அதுல கையை வெக்காத'ன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. வந்து பாத்தா அவரே சந்தோஷப்படுவாரு.

வாங்க, வீட்டைப் பாருங்க. வீடு பாக்கத்தானே வந்தீங்க. இது சமையல் ரூம். மேடை கிரானைட்டு, சுபா வந்தப்ப போட்டது. சுபான்னா சுபாஷிணி, லோகுவோட மொதல் சம்சாரம். தரகர் சொல்லியிருப்பாரே? சொல்லாம இருந்தாத்தானே தப்பு. நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் அழுத்தம். எது சொன்னாலும் பதில் பேசாது, மனசுக்குள்ளேயே வெச்சுக்கும். அது எங்க மீன் கதையோட சேந்த கதை. சொன்னா உங்களுக்கும் இந்த வீடு புரியும்.

இந்தத் தொட்டியே டாக்டர் சொல்லி வாங்கினதுதான்கா. அவரு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபோர்மேன். அத்தனை ஆளுங்கள மேய்ச்சவரு, ரிட்டையராகி வீட்ல வந்து உக்காந்தா யாரை மேய்ப்பாரு? நான் ஒருத்திதான் இருந்தேன். தட்டு பறக்கும், டம்ளர் பறக்கும். கோவக்காரருதான், நான் இல்லேங்கல. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு. கையை ஓங்கிட்டு, அந்தக் கை கீழ எறங்கறதுக்குள்ள 'சோத்தைப் போடு'ன்னு வந்து உக்காந்துருவாரு. பிரஷர் எகிறிப் போச்சு. டாக்டரு, 'மீன் வளங்க சார், தினம் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காருங்க, மனசு அடங்கும்'னாரு. அந்த டாக்டரு மீன் வளத்ததே இல்ல போல.

மொதல்ல அரை டஜன் குஞ்சு வாங்கினாரு. வளர வளர ஆரம்பிச்சுது. அதுல ஒண்ணு கருகருன்னு இருக்கும். அதுக்கு ராஜான்னு பேரு வெச்சாரு. மூலையில ஒரு அகல இலை, பிளாஸ்டிக்தான், அந்த இடம் ராஜாவுது. வேற எதுவும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. காட்டினா பாய்ஞ்சு ஒரு இடி. செதில் தெறிச்சு தண்ணியில பளபளன்னு எறங்கி வரும்கா. அப்புறம் வாயோட வாய் கவ்விக்கும். முத்தம் குடுக்குது ஆன்ட்டின்னு எதிர் வீட்டுப் பொண்ணு சிரிச்சுது. முத்தமா அது? கவ்விக்கிட்டு அப்படியே உருட்டித் தரையில தேய்க்கும். ஒரு தடவை விட்டப்ப, இன்னொண்ணுக்கு மேலுதடு பிஞ்சு வெள்ளையா நூல் மாதிரி தொங்குது. அதால வாயை மூட முடியல. தீனி மூக்கு முன்னாடி விழும், பாத்துக்கிட்டே நிக்கும். அப்படியே பட்டினியா கெடந்து செத்துது.

அவரு தொடையைத் தட்டிக்கிட்டு ரசிப்பாரு. 'ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்டா லோகு, பாத்துக்கோ'ன்னுவாரு. லோகுவும் பாத்துக்குவான்.

இருந்தாலும் காசு போட்டு வாங்கின மீன் சாவுதே. கடைக்காரன் ஒண்ணொண்ணா யோசனை சொன்னான். கல்லையெல்லாம் இடம் மாத்தி வெச்சா எது யாரோட இடம்னு கொழம்பிப் போயி அடங்கும்னான். மாத்தினோம். சாயங்காலத்துக்குள்ள ராஜா புது மூலையைப் பிடிச்சுது. சண்டை போடறதைக் கூடையில தனியா போட்டு மெதக்க விடுங்க, ரெண்டு நாள் கழிச்சு விட்டா திமிர் எறங்கும்னான். இவரு அடி வாங்கின மீனைப் பிடிச்சுக் கூடையில போட்டாரு. 'ராஜா எதுக்கு உள்ள போகணும்? இது ஏன் அவன் கண்ணுல படற மாதிரி வந்து நிக்குது?'ன்னு கேட்டாரு. அதுவும் ஒரு நியாயந்தானே.

கடைசியில கடைக்காரன்தான் ஒரு வழி சொன்னான். 'பொடிசா, சாதுவா ஒண்ணு வாங்கிப் போடுங்க சார். பெருசு அதையே தொரத்திக்கிட்டு இருக்கும், மத்ததுங்க நிம்மதியா இருக்கும். அது போனா இன்னொண்ணு போட்டுக்கலாம்'னான். போட்டோம். அடேங்கப்பா! நீங்க பாத்திருக்கணும்கா. மறுநாளே வீடு அமைதியாயிடுச்சு. தொட்டியைச் சொல்றேன். மத்த மீனுங்க மேலயும் கீழயும் அழகா போகுது வருது. அந்தப் பொடிசு மட்டும் மோட்டார் பின்னால இடுக்குல தலைகீழா நிக்கும். சாப்பிட வெளிய வந்தா குத்து. வாலு போகும், ரெக்கை போகும், கடைசியில கண்ணு. வெள்ளையா மெதந்தா இவரு வலையில அள்ளிப் போட்டுட்டு வண்டியை எடுப்பாரு. கடையில போயி, 'சாதுவா பாத்துக் குடுப்பா'ன்னு கேட்டு வாங்குவாரு. எல்லாத்துக்கும் ஒரே பேரு, சின்னது. எத்தனை சின்னது வந்துச்சோ, யாரு கண்டா.

அந்தச் சமயத்துலதான் சுபா மருமகளா வந்தா. வந்தவ சும்மா இருக்கலாம்ல? தொட்டி முன்னாடி நின்னு அந்தச் சின்னதுக்குன்னு தனியா தீனி போடுவா, கையால மத்ததை வெரட்டிக்கிட்டு. 'ஏன் அத்தை, இதை வெளிய எடுத்துடலாமே'ன்னு என்கிட்ட கேட்டா. 'எடுத்தா அது இன்னொண்ணை அடிக்கும்மா, அப்புறம் எல்லாத்துக்கும் கஷ்டம்'னு பொறுமையா சொன்னேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்படி ஒரு பார்வை பாப்பா அவ, எனக்குப் பிடிக்காது.

சுபா வந்ததும் எங்க வீட்டுக்கும் நல்ல நேரந்தான்கா, பொய் சொல்லக் கூடாது. அவரு கோவம் என் பக்கம் வர்றது நின்னுச்சு. இந்த மேடையிலதான் ஒரு நாள் வத்தக்குழம்பு வெச்சேன். உப்பு தூக்கலாப் போச்சு. தட்டைத் தள்ளிட்டு 'எவ வெச்ச குழம்பு இது?'ன்னாரு. 'சுபா'ன்னு வந்துருச்சு வாயில. அவரு மருமக மேல கையை வெக்க மாட்டாரு, அந்த மரியாதையெல்லாம் உண்டு. லோகுவைத்தான் பாத்தாரு. 'உன் பொண்டாட்டியைக் கேக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?'ன்னாரு. லோகு எழுந்து உள்ள போனான். ஒரு அறைதான். அவளும் 'நான் வெக்கல'ன்னு சொல்லல பாருங்க. சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்கு நான் ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா தூங்கினேன்கா. அப்புறம் எது கேட்டாலும் சுபான்னு சொல்றது எனக்குப் பழகிடுச்சு. நான் ஒரு நாள்கூட அவ மேல கையை வெச்சதில்ல. சாமி சத்தியமா.

இதுதான் லோகு ரூம். கட்டில் புதுசு. ஜன்னலுக்கு கம்பி, கொசுவலை எல்லாம் உண்டு. பொண்ணு சௌகரியமா இருக்கலாம். வினோதினி அமைதியான பொண்ணுன்னுதான் தரகர் சொன்னாரு. எதிர்த்துப் பேச மாட்டாள்ல? அதுதான் அவரும் கேட்டாரு. 'சாதுவா பாத்துச் சொல்லுப்பா'ன்னு தரகர்கிட்ட சொல்லி வெச்சிருந்தாரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லேன்னு கேட்டதும் எனக்கு மனசு கரைஞ்சு போச்சு. நான்தான் மொதல்ல சரின்னேன். நாமளே அம்மா அப்பாவா இருந்து பாத்துக்கலாம். வேற யாரும் வந்து தலையிடவும் மாட்டாங்க.

இந்தக் கதவா? இது மாடிப்படிக் கதவு. பூட்டித்தான் வெச்சிருக்கோம். சாவி அவருகிட்ட இருக்கு. பொண்ணு பாதுகாப்புக்குத்தான்கா. என்ன, சுபா விஷயமா? யாரு சொன்னா உங்களுக்கு? பக்கத்து வீட்டு அம்மாவா? அவளுக்கு எங்க வீட்டுச் சுவத்துல காது. கேட்டதுதான் கேட்டீங்க, நானே சொல்லிடறேன்.

ஒரு நாள் தொட்டியில சின்னதைக் காணோம். செத்தும் மெதக்கல. ராஜாவுக்கு அடிக்க ஆள் இல்ல. காலையிலேருந்து மத்ததுங்களைப் போட்டுக் கிழிகிழின்னு கிழிச்சுது. ஒண்ணு மிரண்டு போயி மூடி இடுக்கு வழியா எகிறி வெளிய விழுந்துருச்சு. டிவி ஸ்டாண்டுக்குக் கீழ, தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டுத் துடிக்குது. அவரு அதைக் காலால வெளிய தள்ளினாரு. தள்ளிட்டு என்னை நிமிந்து பாத்தாரு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்கா. கல்யாணமான நாள்லேருந்து தெரியும். 'சுபாதான் எடுத்தா, மாடியில மழைத்தண்ணி டிரம்ல விட்டிருக்கா'ன்னு சொல்லிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவ எடுத்துட்டுப் போனதை நான் கண்ணால பாத்தேன்.

லோகு அவளை மேல கூட்டிட்டுப் போனான், மீனை எடுத்துட்டு வரச் சொல்லி. கூட்டிட்டுப் போனான்னா, முடியைப் பிடிச்சுத்தான், கோவத்துல இருந்தான்ல. இந்தப் படியிலதான் போனாங்க. ஒவ்வொரு படியிலயும் அவ முட்டி இடிக்கற சத்தம் கேட்டுச்சு. என்னை 'அத்தை, அத்தை'ன்னு கூப்பிட்டா. நான் அடுப்புல குக்கரை வெச்சிருந்தேன். விசில் வந்துச்சா இல்லையான்னு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பின்பக்கம், துவைக்கிற கல்லு கிட்ட ஏதோ மூட்டை விழுந்த மாதிரி சத்தம். மாடியில கைப்பிடிச் சுவர் தாழ்வுக்கா. கால் தவறியிருக்கும். இடுப்பு எலும்பு போச்சு, பாவம். நானும் போயி கிட்ட உக்காந்தேன். வாயில ரத்தத்தோட அப்பவும் அதே பார்வைதான் பாத்தா.

ஆஸ்பத்திரியிலேருந்தே அவங்க வீட்டு ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அண்ணன்காரன் ஒருத்தன் வாசல்ல நின்னு தெருவே கேக்கறமாதிரி கத்தினான். கேஸு, பஞ்சாயத்துன்னு கொஞ்ச நாள் அலைக்கழிச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்துப் பிரிஞ்சாச்சு. இப்ப எழுந்து நடக்கறாளாம். நல்லா இருக்கட்டும். அந்த மீன் என்ன ஆச்சுன்னு தெரியல. கதவைப் பூட்டினதோட சரி, நான் மேல போகவே இல்ல.

ஏன்கா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? பழைய கதைக்கா. வாங்க, இப்படி டைனிங் டேபிள்ல உக்காருங்க. இன்னும் சிரிப்பான கதை ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுட்டுப் போங்க.

சுபா போனதுக்கு அப்புறம் இவரோட பழைய ஒர்க்‌ஷாப் ஆளுங்க சில பேரு வீட்டுக்கு வந்தாங்க. இவரு அவங்கள தொட்டி முன்னாடி நிக்க வெச்சு ராஜா பெருமையை அளந்துக்கிட்டு இருக்காரு. ஆம்பளைச் சிங்கம், அது இதுன்னு. அதுல ஒருத்தரு குனிஞ்சு பாத்துட்டு, 'என்னப்பா, உன் ராஜா முட்டை போடுது?'ன்னாரு! பாத்தா ஆமாக்கா. அந்த அகல இலை மேல ரவையைக் கொட்டின மாதிரி வரிசை வரிசையா முட்டை. ராஜா பொம்பளை! இந்த ஜாதியில ஆணு பொண்ணு பாத்துக் கண்டுபிடிக்க முடியாதாம், முட்டை போட்டாத்தான் தெரியுமாம். இத்தனை நாள் எல்லாத்தையும் கிழிச்சுக்கிட்டு இருந்தது ஒரு பொம்பளை மீனு. அவங்கள்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. வந்திருக்கக் கூடாது.

இவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. அவங்களை வாசல் வரைக்கும் போயி அனுப்பிட்டு வந்தாரு. முழங்கை வரைக்கும் கையை விட்டு ராஜாவைப் பிடிச்சாரு. துணி துவைக்கறப்ப கல்லுல அடிப்போமே, அப்படி ஓங்கி ஓங்கித் தரையில அடிச்சாரு. அது செத்த பின்னாடியும் அடிச்சாரு. என் புடவையெல்லாம் தெறிச்சுது. நான் உள்ள போயிடலாம்னு பாத்தேன். 'சிரிச்சல்ல நீ?'ன்னாரு. அன்னைக்கு லோகு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சான். எனக்குப் பதிலா சொல்றதுக்கு அன்னைக்கு ஒரு பேரு இல்லக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், யாரு பேரைச் சொல்வேன்? வீட்ல நான் மட்டுந்தானே பாக்கி.

சரி, ராஜாதான் போச்சே, இனிமே தொட்டி அமைதியாயிடும்னு நெனச்சோம். இந்தப் பட்டை இருக்குதே, இப்பப் பாத்தீங்களே, இது ராஜாகிட்ட ரொம்ப அடி வாங்கினது. சின்னது இல்லாத நாள்லயெல்லாம் இதுக்குத்தான் விழும். வாலு மொளைக்கும், போகும், மொளைக்கும், போகும். இதுவாவது நல்லா இருக்கட்டும்னு நான் கும்பிட்டுக்கிட்டேன். ராஜா செத்த மறுநாளே அந்த மூலையில போயி நின்னுச்சு இது. மிச்சம் இருந்த ரெண்டையும் வரிசையாக் கொன்னுச்சு. ராஜாவாவது கண்டபடி குத்தும். இது நேரா கண்ணுக்குப் போகும். அடி வாங்கியே வளந்ததுல்ல, எங்க குத்தினா தாங்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கு. எனக்குப் பாக்கப் பாக்க ஆச்சரியமா இருக்கும். இவ்வளவு பட்டது, இன்னொண்ணைப் பாத்தா கொஞ்சமாவது எரக்கம் வர வேணாமா? என்ன ஜென்மமோ.

அதான்கா, வீட்டுக்கு இன்னொரு ஆள் வந்துட்டா எல்லாம் சரியாயிடும். அவருக்கும் மனசு மாறும். எனக்கும் ஒரு தொணை. வினோதினியை நான் கண்ணு மாதிரி பாத்துக்குவேன். அதுக்குள்ள கெளம்பறீங்களா? இருங்க, குங்குமம் எடுத்துக்காம போகக் கூடாது. ஹால்லதான் இருக்கு, சாமி படத்துக்கிட்ட. வாங்க.

ஐயோ.

ஐயோ அக்கா. மகாலட்சுமி. அங்க இல்ல, கீழ, கல்லு பக்கத்துல. சாய்ஞ்சு கெடக்கு பாருங்க. இருங்க, வலை எங்க, வலை... கையை விட்டே எடுத்துடறேன். துணி நனைஞ்சா நனையட்டும். ஸ்ஸ்... இந்தாங்க. ஒரு கண்ணு இல்லக்கா. குழிதான் இருக்கு. இந்தப் பக்க ரெக்கை மொத்தமும் போச்சு, முள்ளுதான் நிக்குது. செவுளு இன்னும் அடிக்குது பாருங்க. உசிரு இருக்கு. உசிரு இருந்து என்ன ஆகப் போகுது! அவரு ஆசையா வாங்கினதுக்கா இது. தெனம் கையிலேயே தீனி குடுப்பாரு. பட்டையைப் பாருங்க, நாம வந்த உடனே கண்ணாடிக்கிட்ட வந்து வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது, ஒண்ணுமே தெரியாத மாதிரி.

தடுப்பை எங்க வெச்சேன்? இருந்த மாதிரியே சொருகிட்டா... சொருகினா மட்டும்? கண்ணு எங்கன்னு கேப்பாரே.

அது அவரு வண்டிச் சத்தம். தெருமுனையில திரும்பறாரு. எனக்கு அந்த வண்டிச் சத்தம் எங்க இருந்தாலும் கேக்கும்.

அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், மாட்டேன்னு சொல்லாதீங்க. தடுப்பை நீங்க எடுத்தீங்கன்னு சொல்லிடறேன். தெரியாம எடுத்துட்டீங்க, நான் உள்ள காபி போட்டுக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான். நீங்கதானே ஜெயில் மாதிரி இருக்குன்னு சொன்னீங்க? நீங்க சொன்னதாலதானே எடுத்தேன்? பொண்ணு வீட்டுக்காரங்களை அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பல்லைக் கடிச்சுக்குவாரு. உங்களுக்கு என்ன, எழுந்து உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க.

என்னக்கா சொல்றீங்க? பொண்ணு குடுக்க மாட்டீங்களா? வினோதினியை இந்த வாசப்படி மிதிக்க விட மாட்டீங்களா? நான் என்ன தப்பா சொன்னேன் இப்ப? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தோம்! சரி, வேணாம். குடுக்க வேணாம். அதை அப்புறம் பாத்துக்கலாம். செருப்பைப் போடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், அந்தப் பையைக் கீழ வைங்க. இது மூடி விழுந்த காயம் இல்லக்கா. திருவள்ளூர்க்காரங்க வேணாம்னு போன் பண்ணின அன்னைக்கு விழுந்தது. இடுப்புல இருக்கறதை உங்களுக்குக் காட்ட முடியாது. சுபா போனதுலேருந்து தெனம் நான் ஒருத்திதான்கா இந்த வீட்ல. எனக்கு ஒடம்புல இனிமே இடம் இல்ல.

கேட்டைத் தொறக்கறாரு. கையில கவரு இருக்கு பாருங்க, மீன் வாங்கிட்டாரு. பொடிசா ஒண்ணு தெரியுது அதுல.

போகாதீங்கக்கா. ஆள் இருக்கற வரைக்கும் கையை வெக்க மாட்டாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு, பாருங்களேன். சாயங்காலம் லோகு வர்ற வரைக்கும் இருந்தா போதும். நிக்காதீங்க, நின்னா கெளம்பறீங்கன்னு நெனச்சுக்குவாரு. உக்காருங்க. சோபா வேணாம், அது உள்ள தள்ளி இருக்கு, உள்ள வந்ததும் அவரு கண்ணுல படாது.

அவரு சேர்லயே உக்காருங்கக்கா. பரவாயில்ல.